புங்குடுதீவிலிருந்து ஊர்காவற்றுறை இறால் கொட்டிலுக்கு

வெள்ளிக்கிழமையாக இருந்தும், விடியற்காலைப் பஸ்ஸில் ஏறிய பெண்களில் ஒருவர் தலையிலும் பூ இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். என் தலையில் மட்டும் மல்லிகை இருந்தது.

அது 1979 ஆனி மாதம், வேலைக்கு என் முதல் நாள். எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அப்பாவுடன் தோட்டத்தில் நின்றவள். வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியபின் எங்கள் வெங்காயத்தைக் கேட்பாரில்லை. அப்பா அடுத்த போகம் நடவில்லை. எனக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டு ராசமக்கா எட்டு மாதமாக ஊர்காவற்றுறையில் இறால் உரிக்கப் போகிறவர். அந்த உழைப்பில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். தான் பொறுப்பு என்று சொல்லி எனக்கும் ஓரிடம் கேட்டு வைத்திருந்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். புங்குடுதீவில் முதல் பஸ் ஐந்தே காலுக்கு. பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். யன்னல் பக்கம் இருந்தால் சட்டை ஈரமாகும். வங்களாவடிச் சந்திக்கு முக்கால் மணித்தியாலம். அங்கே இறங்கி, சரவணை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆறே காலுக்கு வரவேண்டியது ஆறே முக்காலுக்குத்தான் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் பத்துச் சதம். சில்லறையாக வைத்திருங்கள்.

கொண்டக்டருக்கு இந்தப் பெண்களைத் தெரியும். "பின்னேரம் வரேக்கை பின்னாலை ஏறுங்கோ அக்காமார். பூனையள் பஸ்ஸைத் துரத்துது" என்றார்.

"பூனைக்கும் டிக்கற் எழுதும்" என்றார் ராசமக்கா.

பிறகு என் தலையைப் பார்த்து, பூவை எடுக்கச் சொன்னார். பூ, எண்ணெய், பவுடர் எந்த வாசம் ஏறினாலும் ஜப்பானுக்கு அனுப்பும் இறால் பெட்டி திரும்பி வருமாம். மல்லிகையை யன்னலுக்கு வெளியே போட்டேன்.

கொட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. உள்ளே முப்பது பெண்கள் வரை குந்தியிருந்தார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். கை விறைத்துவிடும், மாற்றுச் சட்டை கொண்டு போங்கள். எங்கோ இருக்கிறவர்கள் எதை வாங்குகிறார்கள், எதை விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாங்கள் தோட்டத்தில் நிற்பதும் கொட்டிலில் குந்துவதும் முடிவாகிறது என்று அன்றுதான் யோசித்தேன். ஆனாலும் வீட்டில் சும்மா இருந்த நாட்களைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

பத்து மணியளவில் எங்கள் இருவருக்கும் பொதுவான பேசின் நிறைந்தது. ராசமக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். எங்கள் வீட்டில் இறாலை மஞ்சள் போட்டு அலசாமல் சட்டியில் இடுவதில்லை. கை மணந்தால் பூச அம்மா மஞ்சள் தூள் கட்டித் தந்திருந்தார். மஞ்சள் வாசனைச் சாமான் இல்லை, துப்புரவு என்றுதான் நினைத்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். போட்டு அலசிவிட்டேன்.

மேற்பார்வை பார்க்கும் இளைஞர் வந்தபோது ராசமக்கா திரும்பியிருந்தார். இளைஞர் ஓர் இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் இதுக்கு மஞ்சள் போட்டது? கறிக்கே அனுப்பிறம்?"

ராசமக்கா பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் தம்பி. பழக்கத்திலை போட்டிட்டன்."

"எட்டு மாதமா நிக்கிறீங்கள். இது தெரியாதே? இப்பவே போங்கோ, திங்கட்கிழமையும் வரவேண்டாம்."

ராசமக்கா எழுந்து பாவாடையை உதறினார். முப்பது பேரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் வாசலை எட்டியபோதுதான் நான் எழுந்து நின்றேன்.

"அவ இல்லை. நான்தான் போட்டனான்."

இளைஞர் என் விரல்களைப் பார்த்தார். ராசமக்காவை இருக்கச் சொன்னார். என்னிடம், "கையிலை மஞ்சள் போகாமல் உள்ளுக்கு வரவேண்டாம்" என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய், மண்ணும் சவுக்காரமும் போட்டு, தோல் எரியும்வரை கையைத் தேய்த்தேன்.