கல்யாணத்துக்குப் போன கட்டைப்பை

போன வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் வடக்கே ஒரு டூர் போய் வந்தோம். ஏசி பஸ், கையில் கொடி பிடித்த ஒரு கைடு. "இருபது நிமிஷம்தான், சீக்கிரம் வாங்க" என்பதைத் தவிர அவர் சொன்ன எதுவும் எனக்கு ஞாபகமில்லை. போன இடத்திலெல்லாம் போட்டோ எடுத்திருக்கிறோம். எந்த ஊரிலும் ஒரு மனுஷியிடம் வாய் திறந்து பேசவில்லை. தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது எனக்கு ஒரே எரிச்சல்.

யோசித்துப் பார்த்தால் இருக்கிற ஊர் கதையும் அதுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து மதுரையை ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னால் தெரிந்தது எல்லாம் அவருடைய முதுகு. இனிமேல் வாரம் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஊர் சுற்றப் போகிறேன் என்று அறிவித்தேன். பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது, பிறகென்ன?

"எங்க போகப் போற?" என்று கேட்டார்.

"பஸ் எங்க போகுதோ அங்க."

"சரி, வழி தெரியாம முழிக்கும்போது போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வாரேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு வாரம்கூட விடாமல் போனேன்.

ஒத்தக்கடைப் பஸ்ஸில் யானைமலை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு உருவம் காட்டியது. சோழவந்தான் பஸ்ஸில் வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பச்சை வயலைப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுப் பெண் நாலு ஸ்டாப்புக்குள் தன் மருமகளின் குற்றங்களை முழுதாகச் சொல்லிவிட்டு, "வாரேன்க்கா" என்று இறங்கிப் போனாள். எந்தக் கைடு இதையெல்லாம் காட்டுவான்?

அன்று வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்த நாள். பெரியார் நிலையத்தில் திருநகர் பஸ்ஸில் ஏறி, எனக்குப் பிடித்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிரம்பி வழிந்தது. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். யார் என்ன என்று கேட்கிறதில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, ஒரு கட்டைப்பையை என் மடியில் வைத்தது.

"யக்கா, இதக் கொஞ்சம் வச்சுக்கங்க. குன்றம்தான் போறேன், பின்னாடி ஏறிர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தம்பி பின்பக்கம் ஓடினான். புது பஸ், தானாக மூடுகிற கதவு. அவன் போய்ச் சேருவதற்குள் கதவு மூடி, பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால் நிலையத்துக் கூட்டத்துக்கு மேலே ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சல் டிரைவர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "பையக் குடுங்கக்கா. டிப்போவுல ஒப்படைச்சுர்றேன், வந்து வாங்கிக்கிருவாரு."

பெயரோ போன் நம்பரோ இருக்கிறதா என்று பையைத் திறந்தேன். இல்லை. உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை, அதன்மேல் ஜாக்கெட். ஜாக்கெட்டின் கையில் வெட்டாத நூல் தொங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. தீபாவளி ஜாக்கெட்டைத் தீபாவளி காலையில் கொடுக்கிற டெய்லர் எனக்கும் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் புடவையையும் ஜாக்கெட்டையும் இன்று காலையில்தான் கொடுத்திருக்கிறார், புண்ணியவான்.

"இது டிப்போவுக்குப் போனா பொண்ணு எதக் கட்டிக்கிட்டு மணையில உக்காரும்?" என்று கத்தினேன்.

அவ்வளவுதான், அது பஸ்ஸின் கல்யாணமாகிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம் என்றார் ஒருவர். அதற்குள் தாலி கட்டியாக வேண்டும் என்றார் இன்னொருவர். பசுமலை வரை டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் நான் பையோடு இறங்க, "நல்லபடியா சேத்துருங்கக்கா!" என்று மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டது.

குன்றத்தில் கல்யாணம் என்றால் முருகன் கோயில்தான், நேரே அங்கே ஓடினேன். எந்தத் தூணடியில் பார்த்தாலும் ஒரு கல்யாணம். ஏழெட்டு மேளம் ஒன்றாக அடிக்கிறது. முதலில் கண்ணில் பட்ட அம்மாளிடம் பையைத் திறந்து காட்டி, "புடவை வரலையா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா, நாங்க வாங்கியாச்சு" என்றாள். என்னைப் புடவை விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள்!

அடுத்த இரண்டு இடத்திலும் அதே கதைதான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. புடவையைக் கேட்டு என்ன பயன்? பெண் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைத் தேட வேண்டும்.

கடைசித் தூணடியில் இருந்தார். மாலையும் கழுத்துமாக, வியர்த்துக்கொண்டு, பக்கத்தில் காலி மணை. ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு இஷ்டமா இல்லையாப்பா?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"இஷ்டமெல்லாம் இருக்கு, சேலைதான் பஸ்ல வந்துச்சு!" என்று நான் பையைத் தூக்கிப் பிடித்தேன். பெண்ணின் சித்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, அப்படியே பக்கத்திலிருந்த அறைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே கல்யாணப்பெண் தலை நிறைய மல்லிகையும் நெற்றிச்சுட்டியுமாக, நைட்டியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புடவையைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. தொங்கிய நூலை நானே பல்லால் கடித்து அறுத்தேன். சித்தி மடிப்பெடுக்க, நான் பின் குத்த, ஒருவழியாகப் பெண்ணைக் கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பத்து டூர் போனாலும் அது கிடைக்காது. கெட்டிமேளத்தில் நானும் அட்சதை போட்டேன். பத்தரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அந்த மேளம் ஓயும்போதுதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்தத் தம்பி வந்தான். பஸ்ஸைப் பிடிக்க ஆட்டோவில் திருநகர் வரை துரத்திப் போய், நான் குன்றத்தில் இறங்கியது தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யக்கா, என்னைய மன்னிச்சிரு! ஒன் சேலையத் தொலைச்சிட்டேன்!" என்று ஓவென்று அழுதான்.

மண்டபமே சிரித்தது. அவனுடைய அக்கா அரக்குச் சிவப்புப் பட்டில், புதுத் தாலியோடு எழுந்து வந்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அவர்கள் என்னை விடவில்லை. போட்டோவில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார்கள். பாயசம் வரும் நேரத்தில் என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"எங்க இருக்க? வழி தெரியாம நிக்கிறியா? கூப்பிட வரட்டுமா?"

"வேணாம். கல்யாணத்துல இருக்கேன்."

"கல்யாணமா? யாரு கல்யாணம்?"

சுற்றிலும் பார்த்தேன். தம்பி பாயச வாளியோடு என் இலை முன்னால் நின்றான்.

"இன்னும் பேரு கேக்கலங்க" என்றேன். "சாப்பிட்டுட்டு, கேட்டுட்டு, பஸ்லயே வாரேன்."