‘2.+’ என்று எழுதியது யார்?

திங்கட்கிழமை காலை. ஜொகூர் பாரு அலுவலகத்தில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, போன் அடித்தது. பாசிர் கூடாங் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் முனியாண்டி.

“மேடம், காஸ் அலாரம் டெஸ்ட் பண்ணோம். ஒருத்தன் போன்லயும் சத்தம் வரலை. சைரன் இருக்கு, ஆனா பாய்லர் பக்கம் அது கேக்காது. மூணு மணிக்கு ஷிப்ட் மாறுது. நான் என்ன, ஓடி ஓடியா சொல்றது?”

காஸ் கசிந்தால் தொழிலாளர்களின் போனில் அலறும் அந்தச் செயலியைச் செய்தவர்கள் நாங்கள். பிழை சின்னதுதான், அரை மணி நேரத்தில் திருத்திவிட்டேன். புதிய பதிப்பை உருவாக்க பில்ட் ஓட்டினேன். திரையில் சிவப்பு, பில்ட் தோற்றுவிட்டது. அதிலுள்ள ஒரு பிளகின், அதாவது வெளியார் எழுதிய துணை மென்பொருள், எங்களிடம் இருப்பதைவிடப் புதிய ஜாவா மென்பொருள் வேண்டும் என்றது. வெள்ளிக்கிழமை வரை கேட்காதது!

பார்த்தால், பிளகினின் 2.8 பதிப்பு புதிதாக வந்திருக்கிறது. எங்களுக்கு ஒத்துவருவது 2.7. பில்ட் கோப்பில் 2.7 என்று எழுதினேன். 2.8ஐ இழுத்தது. மெஷின் சேமித்து வைத்திருந்த கேஷ் நகல்களை அழித்தேன். அப்போதும் 2.8. மெஷினையே மாற்றினேன். அதிலும் அதே 2.8. திரையை அறையலாம் போலிருந்தது.

முதலாளி செல்வம் மூன்றாவது முறையாக வந்து நின்றார். “சுபைதா, இன்னும் எவ்வளவு நேரம் லா?”

லாயாங் லாயாங் ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஜீவன், வீடியோ அழைப்பில் சொன்னார்: “அக்கா, என் மெஷின்ல ஓடுதே.”

“ஓடுதே ஓடுதேன்னு சொல்லாதீங்க! பழைய புரோகிராமை வச்சுக்கிட்டு என்ன பேச்சு? முதல்ல ஒழுங்கா அப்டேட் பண்ணுங்க!”

அழைப்பில் எங்கள் குழுவினர் எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீவனின் பதில் எழுத்தில் வந்தது: “புரோகிராம் புதுசுதான் அக்கா. இங்க லைன் மோசம், அதான் பில்டை ஆஃப்லைன்ல ஓட்டுறேன்.”

அப்போதுதான் உறைத்தது. அவர் மெஷின் இணையத்துக்கே போகவில்லை, பழைய 2.7 அங்கே பத்திரமாக இருந்தது. அப்படியானால் எங்களை எல்லாம் ஏதோ ஒரு வரி புதியதை நோக்கித் தள்ளுகிறது. எல்லாக் கோப்புகளிலும் தேடினேன். ஒரு துணைப் பகுதியில் ‘2.+’ என்று இருந்தது. 2 என்று தொடங்கும் பதிப்புகளில் எது மிகப் புதியதோ அதை எடு என்று அர்த்தம். இரண்டு இடங்கள் இரண்டு பதிப்பு கேட்டால் எங்கள் பில்ட் கருவி உயர்ந்ததைத்தான் எடுக்கும். நான் எழுதிய 2.7ஐ அது மதிக்கவே இல்லை.

எந்த மடையன் வேலை என்று, யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் கோப்பின் வரலாற்றைத் திறந்தேன். என் பெயர். நான்கு வருடத்துக்கு முன், ‘இப்போதைக்கு’ என்ற குறிப்போடு.

இரண்டு இடத்திலும் 2.7 என்று எழுதினேன். பில்ட் பச்சையானது. புதிய பதிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். இரண்டரைக்கு முனியாண்டி அழைத்தார். பின்னால் போன்கள் அலறின. “கேக்குதா மேடம்? எல்லாருக்கும் வந்திருச்சு!”

பிறகு அதே எட்டுப் பேரையும் அழைப்பில் கூப்பிட்டேன். “அந்த வரி நான் எழுதினது. ஜீவன், உங்ககிட்ட கத்தினது என் தப்பு.”

“பரவால்ல லா அக்கா,” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்று எங்கள் கோப்புகளில் எல்லா பிளகினுக்கும் பதிப்பு எண் திட்டமாக எழுதியிருக்கும், ‘+’ கிடையாது. ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று யாராவது சொன்னால் இப்போதும் எரிச்சல் வரும். ஆனால் வாயை அடக்கிக்கொண்டு, “உங்ககிட்ட எந்த வெர்ஷன் இருக்கு?” என்று கேட்டுவிடுகிறேன்.