கண் திறந்து ஜெபிக்கிற தையலக்கா

எங்கள் ஜெபக்கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, தையலக்கா மட்டும் கண்ணை நன்றாக விழித்துக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவருக்குப் பக்தி கம்மி போல என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்க்கிற அவர்களும் கண்ணை மூடவில்லை என்பது வேறு விஷயம். அக்காவைப் பற்றித் தப்பாக யாரும் நினைக்கக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கூடம் முன்பு டயர் கடையாக இருந்த இடம். வெயில் ஏறினால் இன்றைக்கும் ரப்பர் வாசம் வரும். புதன்கிழமை மதியம் அங்கே சூப்பும் ரொட்டியும் கொடுக்கிறோம். வேலை இல்லாதவர்கள், வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் என்று பலரும் வருவார்கள். எனக்கு முட்டி வலி. அடுப்பு ஓரமாக உட்கார்ந்து ரொட்டி வெட்டுவேன். அக்கா பரிமாறுவார். மூலையில் ஒரு திரை கட்டி, அதற்குப் பின்னால் தன் பழைய கை மிஷினையும் வைத்திருக்கிறார். கிழிந்த சட்டையோடு யார் வந்தாலும் விடமாட்டார். "கழட்டுப்பா. இந்த ஓட்டை வழியா சூப்பு வெளிய வந்துடும்" என்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் எங்கள் கூடத்து ஆட்கள்தான் அக்கா வாசலில் சூப்புத் தூக்கை வைத்துவிட்டு வருவார்கள். "கதவைத் தட்டிட்டு, நான் திறக்கறதுக்குள்ள போயிடுவாங்க. எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு" என்று இப்போதும் சொல்வார். தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கரண்டியைப் பிடித்தார். பிறகு விடவே இல்லை.

அந்தக் காலத்தில் அக்கா ஜெபத்தில் நின்றால் நெற்றி சுருங்கும் அளவுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இடி விழுந்தாலும் திறக்கமாட்டார். எல்லாம் மாறியது ஒரு புதன்கிழமையில்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண் ஒருத்தி அன்றைக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தம்பி என்றால் சின்னப் பிள்ளை இல்லை. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், மீசை கூட உண்டு. ஆனால் பேச்சு வராது. மனசு குழந்தை மனசு.

"அக்கா, மத்த நாள்ல சித்தி பாத்துக்குவாங்க. புதன்கிழமை அவங்க சந்தையில கடை போடணும். எனக்கு இப்ப பகல் டூட்டி போட்டுட்டாங்க. போகலேன்னா வேலை போயிடும். இவனை எங்கயோ தூரத்து விடுதியில சேர்க்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரலக்கா."

"விடுதியாவது ஒண்ணாவது. நீ போம்மா. என் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

அவள் போன பிறகு, தம்பியின் சட்டைக்கை பிரிந்திருந்ததைப் பார்த்து மிஷினில் ஓட்டிக் கொடுத்தார். சக்கரம் சுற்றுவதைத் தம்பி வாய் பிளந்து பார்த்தார். பிறகு அவரை மேசை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தட்டில் ரொட்டியும் வைத்துவிட்டு ஜெபத்துக்கு நின்றோம்.

எங்கள் மூப்பர் நல்ல மனுஷன். ஆனால் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், கடலில் போகிறவர்கள் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சூப்புக்கு வருவார். ஆமென் வரும்வரை கண் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

ஆமென் வந்தது. தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது.

அக்கா கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடினார். "ஜெபத்தை நான்தான் இழுத்துட்டேன், நான்தான் இழுத்துட்டேன்" என்று மூப்பர் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பசியோடு வந்தவர்கள் ஒருவர் கூடச் சூப்பைத் தொடவில்லை. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். குடித்துவிட்டு ஆடிக்கொண்டே வருவதால் தள்ளாட்டம் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆளும் கிளம்பினார்.

"நீ எங்கய்யா போற? உன்னையே தேட வேண்டி வரும்" என்றேன்.

"தினமும் வழி தவறிப் போறவன் நான். தவறினவங்க எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பின்பக்கம் கால்வாய் இருக்கிறது. முட்டி வலியோடு என்னால் ஓடிப் போய்ப் பார்க்கவும் முடியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா மட்டும் திரும்பி வந்தார். கால்வாய்ப் பக்கமும் பார்த்தாயிற்றாம். "அவ கிட்ட சொல்லிடணும். மறைக்கக் கூடாது" என்று சொல்லி போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் திரைக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம்.

அக்கா ஓடிப் போய்த் திரையை விலக்கினார். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மிஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியான தட்டு. கூட்டம் இருந்தவரை அரவம் காட்டாமல் இருந்திருக்கிறார்.

"அக்கா? என்னக்கா?" என்று போனில் குரல் பதறியது.

அக்கா போனை மிஷின் பக்கம் நீட்டினார். பிறகு, "கேக்குதாம்மா? உன் தம்பிதான். தையல் கத்துக்கறான்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகத் தம்பியின் முதுகைத் தடவினார். தம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். "கதவைத் திறந்து போட்டது நான்தான். ஜெபத்துக்கு நடுவுல வந்தேன், சாத்தினா சத்தம் வருமேன்னு விட்டுட்டேன்" என்றார் தள்ளாட்டம். மூப்பருக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டார். சூப்பு ஆறிப் போயிருந்தது. அப்படி ருசியான சூப்பை நான் குடித்ததே இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண் வந்ததும் அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். இனி அவள் தம்பியை அனுப்பமாட்டாள், விடுதிக்குத்தான் போகவேண்டும் என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

அவள் சிரித்தாள். "வீட்டுலயும் இப்படித்தான்கா. கூட்டத்தைக் கண்டா எங்கயாவது பதுங்கிக்குவான். வாசலைத் தாண்டமாட்டான். சொல்ல மறந்துட்டேன். எனக்காக ஊரே தேடிச்சா?" என்றாள். பிறகு தயங்கி, "அடுத்த புதனும் கூட்டிட்டு வரலாமாக்கா?" என்றாள்.

"கூட்டிட்டு வரலேன்னா நான் வந்து தூக்கிட்டு வருவேன்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அக்கா திரை ஓரமாகக் கண்ணைத் திறந்துகொண்டு நின்றுதான் ஜெபிக்கிறார். மூப்பரும் கடலில் போகிறவர்களைச் சீக்கிரம் கரை சேர்த்துவிடுகிறார். சூப்பு சூடாகக் கிடைக்கிறது. தம்பிக்குக் கண்ணை மூடத் தெரியாது. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருப்பார், அக்கா அவரையே பார்த்துக்கொண்டு உதடு அசைப்பார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.