மூன்று லாரி மண்

பூக்காலத்தில் நாளொன்றுக்கு நானூறு ஜோடிக் கால்கள். சனி, ஞாயிறு என்றால் எழுநூறு. இடது காலை முதலில் நீட்ட வேண்டும். வலது காலை நீட்டுகிறவர்களை ஏறிட்டு ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், அவர்களே மாற்றிக்கொள்வார்கள். முக்காலியில் உட்கார்ந்தபடி, காலணியின் அடியை முரட்டு நார்ப் பிரஷால் மூன்று இழுப்பு இழுத்து, இடுக்குகளைப் பழைய பல் பிரஷால் குடைந்து, கயிற்றில் ஒட்டிய முள்விதைகளை வளைந்த ஊசியால் நெம்பி எடுப்பார். விழுகிற அழுக்கெல்லாம் தகரத் தட்டில் சேரும். சாயங்காலம் அந்தத் தட்டில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார். வெளியூர் விதை ஒன்றுகூட உயிரோடு மலைப் புல்வெளிக்குள் போகக் கூடாது. அதற்குத்தான் வனத்துறை அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

ஊரில் அவருக்குப் பெயர் பிரஷ் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்து மூன்று, இந்த வாசலில் பதினாறு வருடம். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. செம்மண்ணா, களிமண்ணா, கடல் மணலா, வீடு கட்டுகிற தெருவின் சிமெண்டுத் தூளா என்று தட்டைப் பார்த்தே வந்த திசையைச் சொல்லிவிடுவார். ஒட்டுப்பட்டை வைத்த குழந்தைச் செருப்புகள்தான் பரம எதிரி. "அந்தப் பட்டைல ஒரு காடே ஏறி வரும்," என்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளில் இரண்டையாவது புரட்டிப் பார்க்காமல் உள்ளே போக மாட்டார். புல்வெளிக்குள் அவர் மட்டும் வெறுங்காலோடுதான் நடப்பார். தன் செருப்பையே நம்புவதில்லை.

பலர் அவரைச் செருப்புத் தைக்கிறவர் என்று நினைத்துவிடுகிறார்கள். போன வாரம் தொப்பி போட்ட ஒருவர் காலை நீட்டியபடியே, பாலிஷும் உண்டா என்று கேட்டார். "பாலிஷெல்லாம் இல்லீங்க. உங்க ஊர் அழுக்கை இங்க எறக்கி வச்சிட்டுப் போங்க, அதுவே எனக்குப் பொழுதுக்கும் சரியா இருக்கு." வரிசை சிரித்தது. பிரஷ் அக்கா சிரிக்கவில்லை. அடுத்த காலைத் தட்டினார்.

இத்தனை காபந்தும் ஒரு நீலப் பூவுக்காக. கணுக்கால் உயரம்தான் இருக்கும். மேகம் மறைத்தால் இதழை மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் திறக்கும். அதனால் ஊரார் அதைக் கண்ணாமூச்சி என்கிறார்கள். வருடத்தில் மூன்றே வாரம் பூக்கும். அதைப் பார்க்க மலையடிவாரத்து இந்தச் சின்ன ஊரில் கூட்டம் அலைமோதும். முன்பெல்லாம் மீதி நாட்களில் விடுதிக்காரர்கள் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு ஈ ஓட்டுவார்கள்.

நான்கு வருடமாக இன்னொரு பூ வந்திருக்கிறது. மஞ்சள், இடுப்புயரம், ஐந்து மாதம் விடாமல் பூக்கும். அது நிற்கிற இடத்தில் நிழல் விழும். நிழலில் கண்ணாமூச்சி திறக்காது. திறக்காத பூ விதை வைக்காது. கிழக்குச் சரிவு முழுக்க மஞ்சளாகிவிட்டது. நீலப் பூ எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மஞ்சளுக்குள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்ள வழி கேட்பவர்கள்தான் இப்போது அதிகம்.

விடிந்ததும், வாசல் திறக்கும் முன் இரண்டு மணி நேரம், பிரஷ் அக்கா சரிவில் குனிந்து மஞ்சள் செடிகளை வேரோடு பிடுங்குகிறார். இது சம்பளத்தில் சேராத வேலை. கையுறையையும் மீறிச் செடியின் பால் பட்டு விரலிடுக்குகள் வெந்துபோயிருக்கின்றன. இந்த அம்மாளுக்கு என்ன கடமையுணர்ச்சி என்று வனத்துறை அதிகாரி அடிக்கடி மெச்சிக்கொள்கிறார். கடமையாவது, மண்ணாங்கட்டியாவது.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவருடைய தம்பி புல்வெளி ஓரத்தில் ஒரு விடுதி கட்டினான். முகப்பில் புல்தரை போடுவதற்குச் சமவெளியிலிருந்து மூன்று லாரி மண் எடுத்து வந்தான். சுற்றுப்பாதையில் பாலம் உடைந்திருந்தது. புல்வெளி வழியாக ஒரே ஒரு தடவை விடு என்று வந்து நின்றான். யார் பார்க்கப் போகிறார்கள் என்றான். அக்கா சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, தடுப்புக் கட்டையைத் தூக்கினார். அன்று காலைதான் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் செருப்பிலிருந்து ஏழு விதை எடுத்திருந்தார். லாரிச் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுவருடம் லாரி போன தடத்தில்தான் மஞ்சள் முதலில் முளைத்தது. ரூல்தடி வைத்துக் கோடு போட்டதுபோல இரண்டு வரிசை. தடம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் முதன்முதலில் பிடுங்க ஆரம்பித்தார். பூவைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் பிறகு வந்தது.

இது எப்படி உள்ளே வந்தது என்று அதிகாரி விசாரித்தபோது, "யார் கால்லயாவது ஒட்டிட்டு வந்திருக்கும் சார்," என்றார். அதிகாரி அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்று பிரஷ் அக்காவுக்கு ஒரு மெமோவும் வந்தது. வாங்கி, மடித்து, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். விடுதியின் பின்பக்கம் தம்பி ஒழித்துக் கொடுத்த அறையில்தான் அந்த அலமாரி இருக்கிறது. அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தம்பி இப்போது ஊர் வியாபாரிகள் சங்கத் தலைவன். மஞ்சள் சரிவைப் படம் பிடித்துச் சுவரொட்டி அடித்திருக்கிறான். சென்ற செவ்வாய்க்கிழமை வாசலுக்கே வந்து, முக்காலி பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, இனிமே அதைப் புடுங்காத."

"அது களைடா."

"களையோ கருமாந்திரமோ, அஞ்சு மாசம் ரூம் நிரம்புது. மூணு வாரத்துப் பூவ நம்பி ஊரு எத்தனை காலம் வயித்தக் கட்டும்? நீ புடுங்கறது செடிய இல்ல, நாப்பது வீட்டு அடுப்ப."

அதில் பொய் இல்லை. அதுதான் அவருக்கு எரிந்தது.

"கொண்டாந்தது நீதானடா," என்றார் மெதுவாக.

"கட்டையத் தூக்கினது யாரு?" என்றான் அவன், அதைவிட மெதுவாக.

வரிசையில் அடுத்தவர் காலை நீட்டிவிட்டார். வலது கால். பிரஷ் அக்கா ஏறிட்டுப் பார்க்காமலே தேய்க்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். தம்பி பேசினான். பதினாறு வருடம் தேய்த்தும் விதை வந்துவிட்டது, அதுவும் காலணி வழியாகத்தான் வந்தது என்று வனத்துறை அறிக்கையே சொல்கிறது, அப்புறம் பிரஷ் எதற்கு, பிடுங்கல் எதற்கு என்று கேட்டான். அதிகாரி தயங்கினார். காலணி வழியாக வந்தது என்றால் யார் மேலும் கை வைக்க முடியாது, கோப்பை மூட வேண்டியதுதான் என்றார். வண்டியிலோ மண்ணிலோ வந்திருந்தால் கதை வேறு. கொண்டுவந்தவர் விடுதியோ கடையோ எதுவானாலும் இழுத்து மூடி, சரிவு முழுவதையும் அவரைக் கொண்டே சுத்தம் செய்ய வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. சொல்லிவிட்டுப் பிரஷ் அக்கா பக்கம் திரும்பினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அந்த வாசல்ல உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. கால்லதான் வந்துதா?"

தம்பி குனிந்து தன் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலணியில் மண்ணே இல்லை. பிரஷ் அக்கா விரலிடுக்கைச் சொறிந்தார். சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்ததும் நிறுத்தினார்.

"கால்லதான் சார்."

எழுத்தர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிரஷும் பிடுங்கலும் இனி வேண்டாம் என்று கூட்டம் முடிவெடுத்தது. தம்பி எல்லோருக்கும் டீ சொன்னான். அக்காவுக்கு வேலை போகாது என்று அவன்தான் முந்திக்கொண்டு அறிவித்தான். புல்வெளி வாசலில் சங்கம் ஒரு கடை போடுகிறது. மஞ்சள் பூவின் விதையைப் பொட்டலம் கட்டி, வருகிறவர்களுக்கு விற்கப் போகிறார்கள். நம்பிக்கையான ஆள் வேண்டாமா? சீருடைக்கு அளவெடுக்கத் தையல்காரரையும் கையோடு கூட்டி வந்து, வராந்தாவில் உட்கார வைத்திருந்தான்.

தையல்காரர் உள்ளே வந்து அளவு நாடாவைப் பிரித்தார். பிரஷ் அக்கா எழுந்து நின்று, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கினார்.

கடை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது.