மதகு முதல் புளியமரம் வரை

டிரைவர் அய்யம்பெருமாளைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவனும் எழுத மாட்டான். அவரைப் பற்றி எழுதினால் எங்கள் யோக்கியதையையும் சேர்த்து எழுத வேண்டிவரும். நான் எழுதுகிறேன். எங்கள் ஊரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அதில் என்னை நினைத்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைப் பக்கம் வரும் தனியார் பஸ் ஒன்றை அவர் ஒன்பது வருஷம் ஓட்டினார். ஒல்லியான ஆள், கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு, வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அதிகம் பேச மாட்டார். எதிரே எது வந்தாலும், மாட்டு வண்டியானாலும் லைட்டைத் தாழ்த்திவிடுவார். கண்டக்டர் கேலி செய்தால், "மாட்டுக்கும் கண்ணு கூசும்ல" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

எண்பத்து மூன்று வாக்கில் எங்கள் பக்கம் கண்ணைப் பறிக்கிற புது ஹாலஜன் பல்பு மோகம் தலைக்கேறியது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரனும், கார் வைத்திருக்கிற காண்டிராக்டரும் போட்டி போட்டுக்கொண்டு மாட்டினார்கள். எதிரே வருகிறவன் கண் கூசாமலிருக்க விளக்கின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும் என்பார்கள். வண்டியைச் சோதனைக்குக் காட்டும் நாளில் அடித்திருப்பார்கள், மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து பிளேடால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே சைக்கிளில் வருகிறவன் கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தால் அவன் தலையெழுத்து. தன் வழி பளிச்சென்று தெரிந்தால் போதும் என்கிற இந்தப் புத்தியை நினைத்தால் காறித் துப்பத் தோன்றும்.

இந்த வெளிச்சத்தில் அதிகம் சீரழிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். ஊருக்கு வெளியே, மதகிலிருந்து புளியமரம் வரைக்கும் உள்ள ரோட்டோரம்தான் அவர்கள் வெளிக்குப் போகிற இடம். பகலெல்லாம் அடக்கிக்கொண்டிருந்து, பொழுது சாய்ந்ததும் போவார்கள். உட்கார்ந்தால் ஒரு லாரி வரும், வெளிச்சம் பட்டதும் எழுந்து நிற்க வேண்டும். அது போனதும் உட்கார்ந்தால் அடுத்தது வரும். சில பேர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, லைட்டைத் தூக்கி அடித்து, ஹாரன் கொடுத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். பெண்கள் எங்கே போகிறார்கள் என்பது ஊரில் எல்லா ஆணுக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி இருப்போம். ஒரு கக்கூஸ் கட்டலாம் என்று எவனும் வாய் திறந்ததில்லை. நானும்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மதகு வந்ததும் அய்யம்பெருமாள் பெரிய லைட்டை அணைத்துவிட்டு, சின்ன விளக்கோடு வண்டியை உருட்டினார். புளியமரம் தாண்டியதும் மறுபடி போட்டார்.

"ஏண்ணே, லைட்டு கோளாறா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பொம்பளைங்க இருக்காங்க தம்பி. பாதியில எந்திரிச்சு நிக்கிறது எவ்வளவு சங்கடம். ஒரு வண்டியாவது அவங்கள எழுப்பாம போவட்டும்."

வீட்டுக்கு வந்து என் மனைவி தனத்திடம் சொன்னேன். "இப்பதான் ஒனக்குத் தெரியுதா? அவரு ஓட்டுற ஆறே முக்கா பஸ்ஸுன்னா நாங்க யாரும் எந்திரிக்க மாட்டோம்" என்றாள்.

எண்பத்தைந்து மாசி மாதம் சோளம் அறுத்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கதிரைத் தார் ரோட்டில் பரப்பினேன். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி இறங்கி மணியை உதிர்த்துக் கொடுக்கும். சாயங்காலம் குவித்து, சாக்குப் போட்டு மூடினேன். வண்டி மாடு கிடைக்கவில்லை. காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று சோம்பல்பட்டு, எந்தச் சக்கரமும் ஏறாமல் இருக்கக் குவியலைச் சுற்றித் தலையளவு கல்லாக வைத்துவிட்டு வந்தேன். குவியல் இருந்தது மதகுக்கும் புளியமரத்துக்கும் நடுவில். ஆறே முக்கால் பஸ் அந்த இடத்தில் இருட்டில் வரும் என்பது எனக்குத் தெரியும். என் புத்தியெல்லாம் சோளத்தின் மேல் இருந்தது.

சத்தம் கேட்டு ஓடினோம். முன்சக்கரம் கல்லில் ஏறி, பஸ் புளியமரத்தில் மோதிச் சாய்ந்து நின்றது. யாரும் சாகவில்லை. ஒருவருக்குக் கை ஒடிந்திருந்தது, நாலைந்து பேருக்கு மண்டையில் ரத்தம். அய்யம்பெருமாள் நெற்றியில் ரத்தம் வழிய ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சோளத்தை அள்ளினேன். ஊர் ஆட்கள் எனக்கு ஒத்தாசையாகக் கல்லையெல்லாம் பள்ளத்தில் உருட்டினார்கள். போலீஸ் வருவதற்குள் ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பஸ் முதலாளியின் மேனேஜர் ஒரு போலீஸ்காரரோடு வந்து, அந்த இடத்திலேயே விசாரித்தார். நெற்றியில் கட்டோடு அய்யம்பெருமாள் ஓரமாக நின்றார்.

"ரோட்டுல தடங்கல் இருந்துச்சுன்னு ஊருல ஒரு ஆள் சொன்னாப் போதும், இவன் வேலை நெலைக்கும். இல்லன்னா வேலையும் போயிடும், லைசென்சும் போயிடும்" என்றார் மேனேஜர். பிறகு அவரிடம் திரும்பி, "லைட்டை ஏன்யா அணைச்ச?" என்றார்.

அய்யம்பெருமாள் தரையைப் பார்த்தார். "தப்புதாங்க" என்றார்.

பெண்களைப் பற்றி அத்தனை ஆண்களுக்கு நடுவே அவர் வாயால் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருபது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா நின்றோம்.

களை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த காத்தாயிதான் கூட்டத்துக்குள் புகுந்தாள். புருஷனை இழந்த கூலிக்காரி. "எங்களுக்காகத்தான் சார் அணைச்சாரு. நாங்க வெளிக்கு உக்கார்ற எடம் இது" என்றாள்.

மேனேஜர் சட்டென்று நகர்ந்து, செருப்பைத் தூக்கி அடியைப் பார்த்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வெக்கங்கெட்டவளே, ஊரு மானத்த வாங்குறியா?" என்று ஒருவன் கையை ஓங்கினான்.

அவள் அசையவில்லை. "கல்லு இருந்துச்சு சார். நான் கண்ணால பாத்தேன். வச்சது இந்தா நிக்கிறானே, இந்த அரியமுத்துதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அய்யம்பெருமாளும் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, காத்திருக்கிற மாதிரி பார்த்தார். போலீஸ்காரர் பென்சிலை எடுத்தார். கேஸ் என் மேல் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

"எந்தக் கல்லு?" என்று கேட்டேன்.

"ஆமா, எந்தக் கல்லு?" என்று ஊரே பின்னால் கேட்டது.

போலீஸ்காரர் நோட்டை மூடினார். அய்யம்பெருமாள் காத்தாயியிடம் மட்டும், "போங்கம்மா, வூட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரம்பலூர்ப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

அந்தச் சோளத்தைத்தான் அந்த வருஷம் முழுக்கச் சோறாக்கித் தின்றேன். ஒரு வாய்கூடத் தொண்டையில் சிக்கவில்லை. எனக்கு என் மேல் அருவருப்பு அதனால்தான்.