லித்தியம் குறையாத நட்சத்திரம்

நோதெரா மிசுஹோவுக்கு நாற்பத்து நான்கு வயது. இன்னும் நிரந்தர வேலை கிடையாது. ஜப்பானில், ஒகயாமா பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வானியல் செய்துகொண்டிருந்தாள். வரும் மார்ச்சுக்குப் பிறகு புதுப்பிக்கவும் வழியில்லை.

பிரபஞ்சம் பிறந்த சில நிமிடங்களிலேயே கொஞ்சம் லித்தியம் உண்டாகிவிட்டது என்பது கணக்கு. பிற்பாடு வெடித்த நட்சத்திரங்களும் விண்வெளிக் கதிர்களும் புதிதாகச் செய்து சேர்த்தது தனிக் கதை. மிகப் பழைய நட்சத்திரங்களிலோ அந்த ஆரம்பச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது. மீதி என்னவாயிற்றென்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. முழுப் பங்கையும் பத்திரமாக வைத்திருக்கும் கிழட்டு நட்சத்திரம் ஒன்றாவது இருக்காதா என்று தேடித்தான் மிசுஹோவின் பாதி ஆயுசு போயிற்று. கல்யாணம் கில்யாணம் எல்லாம் அதில் அடிபட்டுப்போனது.

போன வருடம் ஒன்று அகப்பட்டது. நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கான இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கும்; இதில் லித்தியத்தின் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது. கட்டுரை வெளியானது. அதை நம்பி நிரந்தர வேலை ஒன்றுக்கு மனுப் போட்டாள். தேர்வுக் குழுவின் முன் பேச அழைத்தார்கள்.

பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒகித்சு கையைத் தூக்கினார். ஓய்வை நெருங்கிய பேராசிரியர்; எல்லோருக்கும் 'சென்செய்', அதாவது ஆசிரியர்.

"நோதெரா சான், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. முட்டாத்தனமா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

அந்த ஊரில் பெரியவர் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் ஆள் காலி என்று அர்த்தம்.

"கேளுங்க, சென்செய்."

"அந்தக் கோடு ஒரு முடியளவு தள்ளி நிக்குதே?"

"கருவியோட கோளாறுன்னு நெனச்சோம்..."

"இருக்கும், இருக்கும். அந்த எடத்துல சீரியத்துக்கும் ஒரு கோடு உண்டில்ல? வயசாச்சு, தப்பாக்கூட ஞாபகம் வெச்சிருப்பேன்."

சீரியம் கனமான உலோகம், பிரபஞ்சத்தில் வெகு பிற்பாடு சேர்ந்தது; அவ்வளவு பழைய நட்சத்திரத்தில் அதை யார் தேடுவார்கள்? அவளும் தேடவில்லை. மறுநாள் தேடினாள். சீரியத்தின் மற்றக் கோடுகளும் வரிசையாக இருந்தன. பக்கத்து நட்சத்திரம் ஒன்று சாகும்போது, தனக்குள் உண்டான சீரியத்தை இதன் தலையில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. லித்தியம் பேருக்குக்கூட இல்லை.

மனுவைத் திரும்பப் பெற்றாள். நடைவழியில் ஒகித்சு நிறுத்தினார்.

"இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு."

"ஆமா, சென்செய்," என்று குனிந்து வணங்கினாள். யாருக்கு நல்லது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

மார்ச்சில் மேசையைக் காலி செய்தாள். அவள் பெயரில் கடைசியாக வெளிவந்தது அரைப் பக்கத் திருத்தம். அந்த நட்சத்திரத்தில் லித்தியம் இல்லை என்றும், சுட்டிக்காட்டிய ஒகித்சு சென்செய்க்கு நன்றி என்றும் அதில் எழுதியிருந்தாள்.