அப்பாவின் குரல் இருந்த கணினி

தாராவியில் எங்கள் வீடுதான் இட்லிக் கடையின் சமையலறை. அம்மா அவிப்பாள், அப்பா சைக்கிளில் மாட்டுங்கா, செம்பூர் என்று கொண்டுபோவார். மறுநாளைக்கு வேண்டியதை வழியிலேயே போனில் பேசி அனுப்புவார். அம்மாவுக்குப் படிக்க வராது. அப்பா பேசியதை அவள் அப்படியே கேட்கிற மாதிரி ஒரு வலைச் செயலியை எழுதிக் கொடுத்தேன். வீட்டிலிருந்த பழைய கணினிதான் சர்வர்.

கடைசியாகப் பேசியது மட்டும் அதன் நினைவகத்தில் இருக்கும், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரே பொருளாக. டிஸ்க்கில் எழுதவில்லை; கணினியை அணைத்தால் அழிந்துவிடும். அன்றாடம் மாறுகிற இட்லி ஆர்டரை எதற்குச் சேமிப்பது என்ற மேதாவித்தனம்.

செம்பூரில் சைக்கிளோடு சரிந்து இறந்த அன்று அப்பா கடைசியாகச் சொன்னது இது: “ஏளா, சட்னியில உப்பு கம்மி. நாளைக்குப் பாத்துப் போடு. ஜல்தி வந்துருதேன்.”

அம்மா தினமும் காலையில் அதைப் போட்டுக் கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் கேட்காவிட்டால் செயலியை இயக்கும் ஃபிரேம்வொர்க் நினைவகத்திலிருக்கும் அந்தப் பொருளைக் குப்பையென்று துடைத்துவிடும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அதைத் தொட்டுப் பார்க்க நாலு வரி எழுதினேன். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் வாங்கினேன். நகல் எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை. எடுத்தால் அது செத்தவரின் ஒலிப்பதிவு. எடுக்காதவரை அவர் செம்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை யாரிடம் சொல்ல? கணினியை அணைக்காதே என்றுகூட அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. நான் கோபர்கைரனேயில் என் வாடகை வீட்டில் இருந்தேன். அம்மா கிரைண்டர், இட்லிக் கொப்பரை, அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தாள். கணினிக்கும்.

மறுநாள் காலை போன் வந்தது.

“ஏல, அப்பா பேச மாட்டக்காவ. நேத்து அதையும் நிறுத்திப் பொட்டு வச்சேன். நான் எதையும் கெடுத்துட்டனா?”

“இல்லம்மா. நெட் போயிருக்கு.”

“வந்ததும் சொல்லு.”

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். கெடுத்தவன் நான். அதை அவளிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை. அவளும் நெட் வந்துவிட்டதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓய்ந்திருந்தது. கணினியில் சந்தனம் காய்ந்திருந்தது, உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஏல, இந்தத் தடவ நிறுத்தாமத்தான் பொட்டு வச்சேன்.”